பாதிப் பரிசு: எட்வர்ட் சைடன்ஸ்டிக்கரின் மொழிபெயர்ப்பு வாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

1968ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் யசுனாரி கவாபட்டாவுக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஜப்பானியர் அவர். பரிசில் பாதி தன் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் எட்வர்ட் சைடன்ஸ்டிக்கருடையது என்றார் கவாபட்டா. பணத்தையும் அவரோடு பங்கிட்டுக்கொண்டார் என்பார்கள். மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் இந்தக் கதையும் கூடவே வந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையில் போடவே யோசிக்கும் உலகத்தில் ஒரு பெரிய எழுத்தாளர் இப்படிச் சொன்னது நெகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் நெகிழ்ந்து முடித்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. அந்தப் 'பாதி' கணக்குக்குச் சரியாக வருமா? ஒரு மொழிபெயர்ப்பாளரின் வாழ்நாள் உழைப்பில் அவர் திறமை எவ்வளவு, காலம் கொண்டுவந்து கொடுத்தது எவ்வளவு, பதிப்பகத்தின் கணக்கு எவ்வளவு? இதைப் பிரித்துப் பார்க்க சைடன்ஸ்டிக்கரைப் போல வசதியான உதாரணம் அதிகம் கிடையாது. தன்னைப் பற்றியும் தன் எழுத்தாளர்களைப் பற்றியும் அவர் ஒளிவுமறைவில்லாமல், பல இடங்களில் எரிச்சலோடும், எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மொழி வீடு தேடி வந்தது

1921 பிப்ரவரியில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், காஸில் ராக் என்ற சிற்றூர்ப் பக்கம் பிறந்தவர் சைடன்ஸ்டிக்கர். பௌல்டர் நகரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து 1942இல் பட்டம் வாங்கினார். அதுவரை ஜப்பானுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் ஜப்பானிய எழுத்தை வாசிக்கத் தெரிந்த அதிகாரிகள் அமெரிக்கக் கடற்படைக்கு அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அதற்கான பயிற்சிப் பள்ளி கலிஃபோர்னியாவில், பெர்க்லியில் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய வம்சாவளியினர். 1942இல், மேற்குக் கடற்கரைப் பகுதியிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. எதிரியின் மொழியைச் சொல்லிக்கொடுக்க அவர்கள் வேண்டும்; கடற்கரையில் குடியிருக்க மட்டும் அவர்களுக்கு அனுமதி கிடையாது. கடற்படை இதற்குக் கண்ட வழி, பள்ளியையே பெயர்த்தெடுத்து உள்நாட்டுக்குக் கொண்டுபோவது. கொண்டுபோன இடம் பௌல்டர். அதே கொலராடோவின் தென்கிழக்கில், கிரனாடா என்ற ஊருக்குப் பக்கத்தில், அதே ஆண்டில் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களை அடைத்துவைக்கும் முகாம் ஒன்றும் திறக்கப்பட்டது. ஒரே மாநிலத்தில் ஒரு பக்கம் முள்வேலி, இன்னொரு பக்கம் வகுப்பறை.

ஆக, சைடன்ஸ்டிக்கர் ஜப்பானிய மொழியைத் தேடி எங்கும் போகவில்லை. அவர் படித்த ஊருக்கே அது வந்து சேர்ந்தது. 14 மாதப் படிப்பு. இந்தப் பள்ளியிலிருந்து வெளிவந்தவர்களின் பெயர்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: டொனால்ட் கீன், தியோடர் டி பாரி, ஹெலன் மெக்கல்லோ. பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஜப்பானியவியல் என்று ஒரு துறை உருவானபோது அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் பலர், போர்க் கைதிகளை விசாரிப்பதற்காக மொழி படித்தவர்கள்தான். கலைமகள் சன்னிதிக்கு இவர்கள் வந்தது படைக்கொட்டில் வழியாக.

1945 பிப்ரவரியில் இவோ ஜிமா தீவில் அமெரிக்க மரைன் படை இறங்கியது. முதல் அலையில் சைடன்ஸ்டிக்கர் இல்லை. ஆனால் அவர் கரையேறியபோதும் அங்கே தாக்குதல் ஓயவில்லை. முதுகில் சுமந்திருந்தது அகராதிகள். பிடிபட்ட ஆவணங்களை வாசிப்பதும் கைதிகளிடம் பேசி விவரம் எடுப்பதும் வேலை. அச்செழுத்தை மட்டும் பழகியவர்களுக்கு மனிதர் கைப்பட எழுதிய ஜப்பானிய எழுத்து தனி உலகம். அதற்குள் போகும் பயிற்சி இவர்களுக்குப் போர்க்களத்தில் கிடைத்தது. போர் முடிந்ததும் சரணடைந்த ஜப்பானில் கொஞ்ச காலம் பணி.

ராஜதந்திரியாக ஆகியிருக்க வேண்டியவர்

நாடு திரும்பி, 1947இல் கொலம்பியாவில் முதுகலை முடித்தார். பாடம் இலக்கியம் இல்லை. பொதுச் சட்டமும் ஆட்சியியலும். அடுத்து வெளியுறவுப் பணியில் சேர்ந்து 1948இல் டோக்கியோ போனார். அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் நடந்த காலம் அது. நாற்காலி, சம்பளம், பதவி உயர்வு எல்லாம் ஒழுங்காக வரக்கூடிய பாதை. 1950இல் அதை விட்டுவிட்டு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார்.

இந்த வாழ்க்கையில் மற்றவர்கள் முடிவு செய்யாத முதல் முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். போர் வந்தது, பள்ளி வந்தது, வேலை வந்தது; வேலையை விட்டதும், போரில் வெந்து இன்னும் முழுதாக எழாத டோக்கியோவிலேயே தங்கியதும் அவராகச் செய்தவை.

அங்கே அவர் எடுத்துக்கொண்டது நவீன இலக்கியத்தை அல்ல. பத்தாம் நூற்றாண்டு ஹெயான் காலப் பெருமாட்டி ஒருத்தி, தன் கணவன் மற்ற பெண்களிடம் போய்க்கொண்டிருக்கும் வருடங்களைப் பற்றி எழுதிய 'ககெரோ' நாட்குறிப்பு. அதன் மொழிபெயர்ப்பு 1955இல் வெளிவந்தது. எழுதியவளின் பெயர்கூட நமக்குத் தெரியாது. மிச்சித்சுனா என்பவனின் தாய் என்றுதான் வழங்குகிறது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஹெயான் காலக் காத்திருப்பு, பிறகுதான் இருபதாம் நூற்றாண்டு நாவல். எழுவாய் மறைந்து கிடக்கும் வாக்கியம், நேராகச் சொல்லாமல் பக்கவாட்டில் வெளிப்படும் பெண்ணின் கசப்பு, பருவம் மாறுவதை வைத்தே மனம் மாறுவதைச் சொல்வது: கவாபட்டாவுக்குத் தேவையான எல்லாவற்றையும் ஆயிரம் வருடம் பழைய ஒருத்தியிடம் படித்துவிட்டுத்தான் அவர் நவீனத்துக்கு வந்தார். நவீன இலக்கியம் பெயர்க்க நவீனம் படித்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வரிசை பதில் சொல்லும்.

ஸ்ட்ராஸ் என்ற பதிப்பாசிரியர்

நியூயார்க்கின் க்னாஃப் பதிப்பகத்தில் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தவர் ஹரால்ட் ஸ்ட்ராஸ். போர்க்காலத்தில் ஜப்பானிய மொழி படித்தவர். அதனால் மூலத்தைத் தானே புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது. நேற்றுவரை எதிரியாக இருந்த நாடு 1950களில் அமெரிக்காவின் கூட்டாளி ஆகியிருந்தது. அந்த நாட்டு மனிதர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படிக் காதலிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அமெரிக்கர்களிடம் ஆவலும் இருந்தது. 1955இல் க்னாஃப் தன் ஜப்பானிய நாவல் வரிசையைத் தொடங்கியது. அந்த முதல் ஆண்டிலேயே சைடன்ஸ்டிக்கர் பெயர்த்த, ஜப்பானிய நாவலாசிரியர் ஜுனிச்சிரோ தனிசாக்கியின் நாவல் ஒன்று வந்துவிட்டது. அதே ஆண்டு அட்லாண்டிக் மாத இதழ் ஜப்பானைப் பற்றி வெளியிட்ட தனி இணைப்பில் கவாபட்டாவின் 'இசு நாட்டியக்காரி' கதை, சைடன்ஸ்டிக்கர் பெயர்ப்பில், சுருக்கப்பட்ட வடிவத்தில் வந்தது. 1956இல் 'பனிதேசம்'. 1957இல் தனிசாக்கியின் பெரிய நாவல் 'மகியோகா சகோதரிகள்'. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கவாபட்டாவின் 'ஆயிரம் நாரைகள்'.

மூன்று நான்கு வருடத்துக்குள் இவ்வளவும். வயது முப்பத்தைந்தைச் சுற்றி.

'மகியோகா சகோதரிகள்' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒசாகாவின் பழைய வணிகக் குடும்பம் ஒன்று மெல்ல மெல்லத் தேய்கிறது, நான்கு சகோதரிகள், மூன்றாமவள் யுகிகோவுக்கு வரன் பார்க்கிறார்கள், தட்டிப்போகிறது, மறுபடி பார்க்கிறார்கள். பெண் பார்க்கும் படலமும் தரகரும் குடும்ப கௌரவமும் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியவை அல்ல. 1943இல் தொடராக வரத் தொடங்கியபோது, போர்க்காலத்தில் இதென்ன சொகுசுக் கதை என்று ராணுவத் தணிக்கை நிறுத்திவிட்டது. மூலத் தலைப்புக்கு 'மென்பனி' என்பதுபோல அர்த்தம். ஆங்கிலத்தில் அது குடும்பப் பெயராக மாறியது. விற்பனைக்கு அது நல்லதென்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். ஆனால் முடிவை யாரும் தொடவில்லை. இவ்வளவு நீண்ட, அழகு சொட்டும் நாவல், கல்யாணத்துக்காக டோக்கியோவுக்கு ரயிலில் போகும் யுகிகோவுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்ற தகவலோடு முடிகிறது. அதை அப்படியே, எந்தப் பூச்சும் இல்லாமல் ஆங்கிலத்தில் வைத்தார் சைடன்ஸ்டிக்கர். ஜப்பான் என்றால் செர்ரிப்பூ என்று எதிர்பார்த்து வந்த வாசகனுக்கு இந்தக் கடைசி வரி ஒரு குட்டு.

இருந்தாலும் தனிசாக்கியை மொழிபெயர்ப்பது அவருக்கு அவ்வளவு சுவாரசியமாக இல்லை. தெளிவான, தர்க்கம் பிசகாத வாக்கியங்கள். ஆசிரியரிடம் போய்க் கேட்க எதுவும் இருக்காது என்று பின்னாளில் எழுதினார். குறையாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார்.

"ஆம்"

கவாபட்டா அதற்கு நேர் எதிர். புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு சைடன்ஸ்டிக்கர் அவரிடம் போவார். "ஐயா, இந்த இடம் கொஞ்சம் ஊடுருவ முடியாததாக இருக்கிறதல்லவா?" என்று பணிவாகக் கேட்பார். கவாபட்டா பக்கத்தை வாங்கிக் கவனமாகப் படித்துப் பார்த்துவிட்டு "ஆம்" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வதுண்டு. எனக்கு இதில் தெரிவது வேறு. ஆசிரியர் உயிரோடு இருந்தும் முடிவு மொழிபெயர்ப்பாளர் தலையில் விழுகிறது. அவர் எடுத்த முடிவுகள் எப்படிப்பட்டவை என்று பார்க்க இரண்டு இடங்கள் போதும்.

'பனிதேசம்' தொடங்கும் வரி ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எல்லையின் நீண்ட சுரங்கத்தைக் கடந்தால் பனிதேசம். இரவின் அடி வெளுத்தது. ரயில் என்ற சொல் முதல் வாக்கியத்தில் இல்லை. சுரங்கத்தைக் கடப்பது யார், எது என்று மூலம் சொல்வதில்லை. வாசகன் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறான், அவன் கண்முன் திடீரென்று வெண்மை. ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் இல்லாமல் முடியாது. சைடன்ஸ்டிக்கர் ரயிலை எழுவாயாக்கினார். உடனே வாசகன் பெட்டியிலிருந்து இறங்கி, வெளியே நின்று, சுரங்கத்திலிருந்து ரயில் வருவதைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறான். ஜப்பானிய மொழியியலாளர்கள் இதை வைத்து நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு ரயிலைவிட அடுத்த வாக்கியத்தின் இழப்பு பெரிதாகப் படுகிறது. இரவுக்கு ஓர் அடி இருக்கிறது, அது வெளுக்கிறது என்பது கவாபட்டாவின் கண். ஆங்கிலத்தில் இரவு வானத்தின் கீழே நிலம் வெள்ளையாகக் கிடக்கிறது. அழகான வாக்கியம், யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடியது.

இரண்டாவது இடம் 'இசு நாட்டியக்காரி'யின் முடிவு. நடைப்பயணம் போன, கதையை 'நான்' என்று சொல்லும் மாணவனும் ஊர் ஊராகப் போகும் கலைக்குழுவின் சின்னப் பெண்ணும் ஷிமோதா துறைமுகத்தில் பிரிகிறார்கள். அவன் நூலேணியைப் பிடிக்கப் போகும்போது திரும்பிப் பார்க்கிறான். விடைபெறச் சொல்லெடுத்து, அதையும் விட்டுவிட்டு, மறுபடி ஒருமுறை வெறுமனே தலையசைத்தது என்று வருகிறது. தலையசைத்தது யார்? மூலத்தில் எழுவாய் இல்லை. சைடன்ஸ்டிக்கர் 'நான்' என்று போட்டார். ஜப்பானிய வாசகர்களுக்கும் இதே சந்தேகம் வந்து கவாபட்டாவுக்கே எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு அந்தக் கேள்வியே வியப்பாக இருந்தது. நாட்டியக்காரிதான், வேறு யார் என்பது அவர் பதில்.

தவறு என்று வைத்துக்கொண்டாலும் வெட்கப்படத்தக்க தவறு அல்ல. தாய்மொழிக்காரர்களே தடுமாறிய இடம். எழுவாயை விழுங்குவதில் தமிழும் ஜப்பானியத்துக்குக் கிட்டத்தட்டச் சளைத்ததல்ல. சுரங்கத்து வரியைத் தமிழில் ரயில் இல்லாமலே சொல்லிவிடலாம். ஆனால் தலையசைப்பில் நாமும் மாட்டிக்கொள்வோம். தலையசைத்தேன் என்பதா, தலையசைத்தாள் என்பதா? நம் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். கவாபட்டாவைத் தமிழில் படித்தவர்களுக்கு அவர் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வந்து சேர்ந்தார். அப்போது இந்த முடிவுகளும் சத்தமில்லாமல் கூடவே வந்துவிடுகின்றன.

பாதிக் கணக்கு

இனி அந்தப் பரிசுக்கு வருவோம். 1968 அக்டோபர் நிலவரப்படி கவாபட்டாவின் நாவல்களில் சைடன்ஸ்டிக்கர் ஆங்கிலத்தில் தந்திருந்தவை 'பனிதேசம்', 'ஆயிரம் நாரைகள்' இரண்டும்தான். அவற்றோடு 'இசு நாட்டியக்காரி' என்ற ஒரு கதை. 'உறங்கும் அழகிகளின் இல்லம்' 1969இல் வந்தது, 'மலையின் ஓசை' 1970இல், 'கோ ஆட்ட மேதை' 1972இல். இன்று கவாபட்டாவின் உச்சம் என்று பலர் சொல்லும் நூல்கள் ஆங்கிலத்துக்கு வந்தது பரிசுக்குப் பிறகு. பரிசளிப்பு உரையில், நோபலை வழங்கும் ஸ்வீடிஷ் அகாதெமி எடுத்துப் பேசியவற்றில் ஒன்று 'பழைய தலைநகரம்'. அது ஆங்கிலத்தில் அப்போது இல்லவே இல்லை. 1987இல்தான் வந்தது, அதுவும் வேறொருவர் பெயர்ப்பில். ஸ்வீடனில் அதைப் படித்தவர்களுக்கு ஜெர்மன் பெயர்ப்பு இருந்தது.

கவாபட்டாவின் சொந்த முதலீட்டையும் மறக்கக் கூடாது. 1948 முதல் 1965 வரை, பென் என்ற சர்வதேச எழுத்தாளர் அமைப்பின் ஜப்பானியச் சங்கத்துக்குத் தலைவர் அவர். 1957இல் சர்வதேச பென் மாநாட்டை டோக்கியோவில் நடத்தி, ஸ்டைன்பெக் உள்ளிட்ட உலக எழுத்தாளர்களை வரவழைத்தார். வெளியுலகுக்கு அவர் முகமும் தெரியும், பெயரும் தெரியும். இன்னொன்று, அந்த ஆண்டுகளில் நோபலுக்குப் பலமுறை முன்மொழியப்பட்ட தனிசாக்கி 1965இல் இறந்துவிட்டார். தனிசாக்கிக்குக் கிடைத்திருந்தாலும் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் என்று விரல் நீளும் முதல் ஆள் இதே சைடன்ஸ்டிக்கராகத்தான் இருந்திருப்பார்.

வரவு செலவாகப் பார்த்தால் பாதி அதிகம். ஆனால் 1956இல் 'பனிதேசம்' ஆங்கிலத்தில் நின்றிராவிட்டால் பென் மாநாட்டுக்கு வந்தவர்கள் தலைவரின் கையைக் குலுக்கியிருப்பார்கள், புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார்கள்.

ஸ்டாக்ஹோமுக்குச் சைடன்ஸ்டிக்கரும் போனார். கவாபட்டாவின் ஏற்புரை கடைசி நேரம்வரை முடியவில்லை. அந்த உரையோ தோகென், மியோயே, ரியோகான், இக்கியு என்று பழைய துறவிகளின் கவிதைகளால் நெய்யப்பட்டது. ஒரு கவிதையை ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்க்க வேண்டிய வேலையை அவசர அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. பாதிக்கு வேறு சாட்சி இல்லாவிட்டாலும் அந்த டிசம்பர் வாரத்தை வைத்து அவர் உரிமை கொண்டாடியிருக்கலாம். இருபத்தாறு வருடம் கழித்து, 1994இல் நோபல் பெற்ற கென்சாபுரோ ஓயே அந்த உரையின் தலைப்பையே திருப்பித் தன் உரைக்குச் சூட்டி, கவாபட்டாவின் ஜப்பான் தன்னுடையது இல்லை என்று விலகிக்கொண்டார்.

கோபக்காரர்

இவர் ஜப்பானின் தூதர் என்றோ ரசிகர் என்றோ நினைத்தால் ஏமாறுவோம். சோஃபியா பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டு, யோமியுரி நாளிதழில் பத்தி எழுதிக்கொண்டு பன்னிரண்டு பதினாலு வருடம் டோக்கியோவில் இருந்தவர், 1962இல் ஊர் திரும்பினார். கடைசிப் பத்தியில் அவர் எழுதியது பிரியாவிடைக் கண்ணீர் அல்ல. ஜப்பானியர்களும் மற்றவர்களைப் போலத்தான் என்று தொடங்கி, இல்லை என்று பாதியில் தன்னையே மறித்துக்கொண்டு, அவர்களின் கூட்ட மனப்பான்மையையும் தனக்குள்ளேயே சுருங்கிக்கொள்ளும் குணத்தையும் சாடினார். அதைக் கண்டு கோபம் வருவதுதான் சுயமரியாதை, அந்தக் கோபம் மழுங்கினால் பேசும் விருப்பமே செத்துவிடும், அதனால் வீட்டுக்குப் போகிறேன் என்று முடித்தார். இடதுசாரி அறிவுஜீவிகளோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை, அதையும் மறைக்கவில்லை.

நேசிக்கும் இலக்கியத்தின் நாட்டோடு இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே இருப்பது அவர் பெயர்ப்புகளுக்கு நல்லதையே செய்தது என்பது என் எண்ணம். பக்தி இல்லாததால் மூலத்தின் அசட்டுத்தனமும் அலுப்பும் அவர் கண்ணுக்குப் பட்டன. பட்டதை மறைக்காமல் பெயர்த்தார்.

ஸ்டான்ஃபோர்ட், 1966 முதல் மிச்சிகன், 1977 முதல் கொலம்பியா, 1985இல் ஓய்வு. வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டது பல்கலைக்கழகச் சம்பளம். ஆய்வாளராக அவர் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது 1965இல் வந்த, எழுத்தாளர் நாகாய் காஃபூ பற்றிய புத்தகம். முன்பாதி வாழ்க்கையும் விமர்சனமும், பின்பாதி கதைகளின் மொழிபெயர்ப்பு. கோட்பாடு எதுவும் கிடையாது. காஃபூவோடு டோக்கியோவின் சந்துகளில் நடந்து போகும் புத்தகம். 1910இல் பேரரசரைக் கொல்லச் சதி என்று சோஷலிஸ்டுகளைப் பிடித்து 1911இல் தூக்கிலிட்டபோது, வாய் திறக்காமல் இருந்த தன்னை நினைத்துக் கூசி, இனித் தனக்குத் தகுதி நவீனத்துக்கு முந்தைய எடோ காலத்துக் கேளிக்கை எழுத்தாளனின் இடம்தான் என்று ஒதுங்கியவர் காஃபூ. நாட்டோடு கோபித்துக்கொண்ட ஓர் எழுத்தாளரை, அதே நாட்டோடு கோபித்துக்கொண்ட ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதுகிறார். பின்னாளில் டோக்கியோ நகரின் வரலாற்றை 1983இலும் 1990இலும் இரண்டு நூல்களாக அவர் எழுதியதற்கும் விதை இங்கேதான் விழுந்தது.

1971இல் 'மலையின் ஓசை'க்காக அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது மொழிபெயர்ப்புப் பிரிவில் கிடைத்தது. 1975இல் ஜப்பான் அரசின் உதயசூரியன் விருது. நாவலாசிரியர் யுகியோ மிஷிமா இறந்த அன்று பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்த கடைசி நாவலையும் 1974இல் இவர்தான் ஆங்கிலத்தில் தந்தார்.

கென்ஜி, பத்து வருடத்துக்கு மேல்

இவற்றுக்கெல்லாம் நடுவே ஓடிக்கொண்டிருந்தது 'கென்ஜி கதை'. முராசாகி சீமாட்டி பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதிய 54 அத்தியாய நாவல். ஆங்கிலத்தில் ஆர்தர் வேலி 1925க்கும் 1933க்கும் இடையில் ஆறு தொகுதிகளாகச் செய்த பெயர்ப்பு ஏற்கெனவே புகழ்பெற்றது. பிறகு எதற்கு இன்னொன்று? வேலி ஓர் அத்தியாயத்தை முழுதாக விட்டிருந்தார், பல இடங்களில் வெட்டியிருந்தார், அதைவிட அதிக இடங்களில் சேர்த்திருந்தார். வேலியின் ஆங்கிலத்தில் மயங்கி இந்தத் துறைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். சைடன்ஸ்டிக்கரும் அவரைக் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் முராசாகி அவ்வளவு பேசுவதில்லை என்பது அவர் கட்சி. 1976இல் வந்த அவர் பெயர்ப்பு சுருக்கென்று, சில இடங்களில் வறட்சியாகவே, போகிறது. மூலத்தில் ஆட்களைப் பதவிப் பெயரால்தான் சொல்வார்கள், பதவி மாறினால் பெயரும் மாறும். வாசகன் தொலைந்துபோகாமல் இருக்க, வழிவழியாக வழங்கிய பட்டப்பெயர்களை இவர் நிலையாக வைத்துக்கொண்டார். 2001இல் வந்த தன் பெயர்ப்பில் ராயல் டைலர் மூலத்தின் வழக்கத்துக்கே திரும்பி, வாசகனைக் கொஞ்சம் தொலைய விட்டார். இரண்டும் நியாயமான முடிவுகள். ராத்திரி படுக்கையில் படிக்க எனக்கு சைடன்ஸ்டிக்கர், மேஜையில் வைத்துப் படிக்க டைலர்.

விட்டுப்போனது

1992இல் எட்வர்ட் ஃபௌலர் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரையில் இந்த முழு வரிசையையும் கேள்வி கேட்டார். க்னாஃப் பதிப்பகம் 1950களில் தேர்ந்தெடுத்த தனிசாக்கி, கவாபட்டா, மிஷிமா மூவரும்தான் ஜப்பானிய இலக்கியம் என்று மேற்கில் ஒரு பிம்பம் விழுந்துவிட்டது. பூடகம், ஏக்கம், பிடிபடாத முடிவு இவையே ஜப்பான் என்று ஆகிவிட்டது என்பது அவர் வாதம். மொழிபெயர்ப்புக் கோட்பாட்டாளர் லாரன்ஸ் வெனுட்டியும் இதை எடுத்து ஆண்டார். பாட்டாளி இலக்கியம் எங்கே, பெண்கள் எங்கே?

குற்றச்சாட்டில் பெரும்பகுதி நிற்கும். சைடன்ஸ்டிக்கர் தனிப் புத்தகமாகத் தந்த நவீன நாவல்களின் ஆசிரியர்கள் ஆண்கள். புத்தகமாக வந்த பெண்கள் இருவரும் ஆயிரம் வருடம் முந்தியவர்கள். நவீன காலப் பெண் எழுத்தாளர் ஹிகுச்சி இச்சியோவின் நெடுங்கதை ஒன்றை 1956இல் கீன் தொகுத்த தொகைநூலுக்காகப் பெயர்த்ததை விதிவிலக்காகச் சொல்லலாம், அருமையான விதிவிலக்கு. ஆனால் பூடகத்தைப் பரப்பியவர் என்ற பழியை இவர்மேல் போடுவது சரியாக ஒட்டாது. 'மகியோகா சகோதரிகள்' முழுக்க மருத்துவச் செலவும் வைட்டமின் ஊசியும் ரயில் நேரமும்தான். காஃபூ நூலில் வருவது வாடகை அறைகளும் விலைமகளிர் தெருவும். பூடகமாக எழுதியவர் கவாபட்டா ஒருவர். பரிசு அவருக்குப் போனதால் மொழிபெயர்ப்பாளரின் பட்டியல் முழுவதும் அந்த ஒருவரின் நிறத்தில் தெரியத் தொடங்கியது. பாதிப் பரிசு வாங்கியதற்குக் கொடுத்த விலை என்று இதைச் சொல்லலாம்.

சைடன்ஸ்டிக்கர் 2007 ஆகஸ்டில், 86 வயதில், டோக்கியோவில் இறந்தார். அவர் புத்தகங்களின் பின்கதை அவர் கையில் இல்லாத ஒன்றால் தீர்மானமாகிறது: காப்புரிமை. கென்ஜிக்கு உரிமையாளர் யாருமில்லை. அதனால் வேலி, சைடன்ஸ்டிக்கர், டைலர், 2015இல் டெனிஸ் வாஷ்பர்ன் என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. பத்து வருட உழைப்பு இன்று பல பெயர்ப்புகளில் ஒன்று. கவாபட்டா 1972இல் இறந்தவர். ஆசிரியர் இறந்து 50 ஆண்டு என்றிருந்த காப்புரிமைக் காலத்தை ஜப்பான் 2018 டிசம்பர் இறுதியில் 70 ஆக்கியது. பழைய சட்டப்படி 2022 முடிவில் விடுபட்டிருக்க வேண்டிய 'பனிதேசம்' 2042 முடிவுவரை அங்கே வாரிசுகளின் உரிமையில் இருக்கும். தனிசாக்கி ஏழு வருடம் முன்னதாக இறந்ததால் 2016 தொடக்கத்திலேயே பொதுவுடைமை ஆகிவிட்டார். 'மகியோகா சகோதரிகள்' நாவலை ஜப்பானிய மூலத்திலிருந்து புதிதாகப் பெயர்க்க அந்த நாட்டுச் சட்டம் இனி யாரையும் தடுக்காது.